கோல் விழும்போது கண்ணை மூடியவர்கள்

எங்கள் கல்லூரி அணி ஒரு கோல் வாங்கினால், எங்கள் காலரியிலிருந்து ஒருவர் எழுந்து எதிரணியின் காலரிக்குப் போய்விட வேண்டும். பந்து வலையில் விழும் நேரத்தில் யார் முதலில் கண்ணை மூடினாரோ அவர். அதன் பிறகு அவர் அந்த ஊர்க்காரர். நாங்கள் கோல் போட்டால் அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். இமைப்பது வேறு, மூடுவது வேறு. அந்த வித்தியாசம் ரெஃபரிக்குத் தெரியும். இதில் தகராறு வந்து நான் பார்த்ததில்லை.

நெல்லிக்கோடு கல்லூரி ஆடிய மேட்ச் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. எனக்கு ரேஷன் கடையில் வேலை. மேட்ச் நாளில் கடை பூட்டித்தான் கிடக்கும். மண்ணெண்ணெய் கேட்டு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, அவர்களும் மைதானத்துக்குத்தான் வருவார்கள். போகாமல் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் ஃபுட்பால் பார்க்காதவர்கள். அவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

லாபமும் இருக்கிறது. எங்கள் ஊரில் பல் டாக்டர் இல்லாத குறை ஒரு செமிஃபைனலில் தீர்ந்தது. நல்ல கைராசிக்காரர், டைபிரேக்கரில் வந்தார். அதற்கு அடுத்த வருடம் கோல்கீப்பருக்கு அம்மை போட்டு, மாற்று ஆளை நிறுத்தி, வரிசையாகக் கோல் வாங்கினோம். சலூன்காரர், தையல்காரர், மாவு மில் வைத்திருந்தவர் எல்லோரும் ஒரே சாயங்காலத்தில் போனார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பழைய துணியும் வளர்ந்த முடியுமாகக் கோயிலுக்குப் போனோம்.

என்னை முதன்முதலில் மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஜெபசிங் அண்ணன். என் கூடப் பிறந்தவன். வரிசையில் இடித்துப் புகுந்து எனக்கு நிழலில் இடம் பிடிப்பான். சங்குவிளைக் கல்லூரியோடு ஆடிய மேட்ச்சில், ஒரு கார்னர் கிக்குக்கு அவன் கண்ணை மூடிவிட்டான். கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வருடம் எதிர்க் காலரியில் அவனைப் பார்த்தேன். கையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான், பஸ் ஸ்டாப்பில் தெரிந்தவரைப் பார்த்தால் ஆட்டுவோமே, அப்படி. பிறகு எழுந்து நின்று, "நெல்லிக்கோட்டான் காலை ஒடிச்சு விடுலேய்!" என்று கத்தினான். அவன் குரல் எனக்குத் தெரியாதா? நெஞ்சிலிருந்து வந்த குரல். போகிறவர்களுக்கு எதுவும் மறப்பதில்லை. நாம் அவர்களுக்கு வேண்டாதவர்களாகிவிடுகிறோம், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். போவதைப் பற்றிய பயமில்லை. அப்படிக் கை ஆட்டுவதைப் பற்றியது.

டென்னிசன் வந்தது ஒரு ஃப்ரீ கிக்கில். சங்குவிளைப் பக்கத்திலிருந்து ஒல்லியாக ஒருவர் எழுந்து, மைதானத்தின் குறுக்கே நடந்து வந்து, என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"பேடிச்சுப் போச்சு," என்றார். எங்கள் பக்கத்தில் பயத்துக்குப் பேடி என்றுதான் பெயர்.

"அவன் பந்தைத்தானே அடிச்சான்? உங்க கண்ணுலயா அடிச்சான்?" என்றேன்.

சிரித்தார். ஈஸ்டர் கழிந்ததும் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

கட்டின பிறகுதான் தெரிந்தது, அவர் பயப்படாத பொருளே உலகத்தில் குறைவு. இடிக்குப் பயம். வாய்க்கால் பாலத்துக்குப் பயம். திருவிழா வெடிக்குப் பயம். பயம் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "இப்பிடி ஒரு பேடித்தொண்டனை நான் எங்கேயும் பார்த்ததில்ல," என்று வாய்க்கு வந்தபடி பேசுவேன். அவர் கோபப்பட மாட்டார். கோபப்படவும் பயம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் இடியோ மழையோ, பாலத்தைத் தாண்டிப் போய் மாத்திரை வாங்கி வருவார். அந்த மனிதர்மேல் எனக்கு உயிர்.

உயிர் என்றால் மேட்ச்சுக்குக் கூட்டிப் போகாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவர் விடுவாரா? மற்றதுக்கெல்லாம் பயந்தவர், மேட்ச் நாளில் எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அதனால் பழக்கிப் பார்த்தேன். மேசை ஃபேனை முகத்துக்கு நேரே வைத்து உட்கார வைத்தேன். வெங்காயம் அரியும்போது எதிரில் இருக்கச் சொன்னேன். கண்ணீர்தான் மிச்சம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தால் ரெஃபரி விடுவதில்லை. கையால் பிடித்துக்கொள்ளலாம், சொந்தக்காரர் கையாக இருந்தால் போதும். ஆகவே கல்யாணமான நாளிலிருந்து எல்லா மேட்ச்சையும் நான் அவர் தலைக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவர் இமைகளைத் தூக்கிப் பிடித்தபடிதான் பார்த்திருக்கிறேன். தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்தே பாதிச் சம்பளம் போனது.

இந்த வருட ஃபைனல் எங்கள் மைதானத்தில், சங்குவிளையோடு. இவர் பிறந்த ஊர் அது. வேறு ஊருக்குப் போனால் என்றாவது ஒரு கோலில் திரும்பி வரலாம். சொந்த ஊருக்குப் போனவர் யாரும் வந்ததில்லை.

கடைசிவரை கோல் இல்லை. பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். எங்கள் லெஃப்ட் பேக் ஒருவன், பாவி, பெனால்டி பாக்ஸில் வைத்து அவர்கள் ஆள் காலைத் தட்டிவிட்டான். ரெஃபரி விசில் ஊதினார். எல்லோரும் முகத்தைத் துடைத்து, கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு தாய் தன் மகனின் இமைகளைப் பிடித்தாள். மகன் அவள் இமைகளைப் பிடித்தான்.

நான் இவர் இமைகளை எப்போதையும்விட இறுக்கிப் பிடித்தேன்.

"லீலா, உன் கை ஆடுது," என்றார்.

"ஆடட்டும். நீங்க பந்தைப் பாருங்க."

"எனக்கு இப்போ பேடி இல்ல, கேட்டியா. உனக்குத்தான்."

"வாயை மூடுங்க."

"அதை மூடலாம், குத்தமில்ல," என்றார். இந்த நேரத்தில் தமாஷ்.

ஆனால் அவர் சொன்னது நிஜம். சங்குவிளைக்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோதே என் இமை கனக்கத் தொடங்கியது. என் கை இரண்டும் அவர் முகத்தில். என் கண்ணைப் பிடிக்க ஆளில்லை. அவன் ஓடி வந்தான். உதைத்தான். கீப்பர் தப்பான பக்கம் விழுந்தான். என் கண் மூடப்போவது எனக்கே தெரிந்தது, தும்மல் வருவது தெரியுமே, அதுபோல. அந்த நேரத்தில் என் விரல்களுக்குக் கீழே அவர் இமைகள் இழுத்தன. அவ்வளவு பலம் அவரிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. என் பிடியை மீறி, எனக்கு ஒரு நொடி முந்தி, அவர் கண்ணை மூடினார்.

பந்து வலையில் கிடந்தது. ரெஃபரி எங்கள் வரிசையைப் பார்த்துக் கை காட்டினார்.

அவர் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

"மழை வரும்போல இருக்கு. குடையை மறந்திராத."

நடு வட்டம்வரை நான் அறிந்த நடைதான், கொஞ்சம் குனிந்து, யார்மேலும் இடித்துவிடக் கூடாதே என்கிற நடை. வட்டத்தைத் தாண்டியதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. அங்கே மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது இடி ஒன்று விழுந்தது. அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், விலை விசாரிக்கிறவர் மாதிரி.

மேட்ச் முடிய ஆட்டக்காரர்கள் ஒரு தடவை முன்னும் பின்னும் ஓடும் நேரம்தான் இருந்தது. அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கர்த்தர் கைவிடவில்லை என்று நினைத்தேன். இது கோலாகி, இவர் கண்ணை மூடினால் போதும். சற்று முன் மூடாதே என்று பிடித்த ஆள்தான் நான். இப்போது மூடு, மூடு என்று மனசுக்குள் கதறினேன்.

எங்கள் பையன் ஓடி வந்தான். கியூவில் நிற்கும் கும்பலை அடக்கிப் பழகிய என் குரலை முழுவதும் திறந்தேன்.

"பல்லி! தலைமேல பல்லி!"

இவருக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். ஒருமுறை குளியலறையில் பல்லி இருக்கிறதென்று சோப்போடு தெருவுக்கு ஓடியவர்.

அவர் காதில் அது விழுந்தது. மைதானத்தைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தார். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. அப்படித் திறந்து நான் பார்த்ததே இல்லை. நல்ல பழுப்புக் கண்கள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பக்கத்திலிருந்த மஞ்சள் சுடிதார்ப் பெண் இரண்டு காலையும் பெஞ்சுமேல் தூக்கி வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவருடைய பேடி அவளிடம் போயிருந்தது. நெருக்கி உட்கார்ந்தால் அப்படி ஒட்டிக்கொள்வது உண்டு. பந்து வலைக்குள் விழுந்தது. எங்கள் காலரியே எழுந்து குதித்தது.

அவள் குனிந்தபடி, யார்மேலும் இடித்துவிடாமல், நடந்து வந்தாள்.

"அக்கா, இது காலியா?"

"காலிதான்."

உட்கார்ந்தாள். பெயர் ஷீஜா என்றாள். ஒன்றுக்கு ஒன்று, கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வது என்று அறிவித்தார்கள். என் கூடவே வீட்டுக்கு வந்தவள், வழியில் வாய்க்கால் பாலம் வந்ததும் நின்றாள். கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி தாண்டினாள். அவள் கை சின்னக் கை. வழியெல்லாம் நான் அழுதேன். அவள் அதைப் பார்த்துப் பயந்து அழுதாள்.

மறுநாள் காலையில் தோசைக்குச் சட்னி அரைக்கத் தேங்காயைச் சில்லு போட்டு, மிக்ஸியை எடுத்து வைத்தேன்.

"அக்கா, போடுறதுக்கு முன்னால சொல்லிருங்க," என்றாள். "நான் வெளிய போய் நின்னுக்கிறேன்."

சொன்னேன். அவள் பின்கதவைத் திறந்து, யாரும் வழி காட்டாமலே, மிக்ஸி போட்டால் அவர் எப்போதும் போய் நிற்கிற கொல்லாமரத்தடிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் அரைத்து முடித்து, சட்னியை வழித்து எடுத்துவிட்டுக் கதவருகே போனேன்.

"முடிஞ்சுது, உள்ள வாங்க," என்று கூப்பிட்டேன்.

வந்தாள்.