அண்ணன் கத்தியில் பிளேடு நடுவில் நின்றது

மடக்குக் கத்தியை மூடிவிட்டு மேலேயிருந்து பாருங்கள். இரண்டு பக்கத் தகடுகளுக்கு இடையில் பிளேடு படுத்திருக்கும். சரியாக நடுவில் படுத்திருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, அதுதான் விஷயம். இதற்கென்றே நாங்கள் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். நாற்பத்திரண்டு பேர். மூடிய கத்தியைப் போட்டோ எடுத்துப் போட்டு, இந்தப் பக்கம் இவ்வளவு இடைவெளி, அந்தப் பக்கம் அவ்வளவு என்று நாள் முழுக்க மல்லுக்கட்டுவோம். தகட்டில் உரசாத வரைக்கும் சாய்ந்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, வெட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று குரூப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சாய்ந்திருப்பது என் கண்ணில் பட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டில் என் பெயரே ரசமட்டம்தான், கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அது. அண்ணன் வைத்தது. சுவரில் படம் கொஞ்சம் கோணலாகத் தொங்கினாலும் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் நிமிர்த்துவேன். "உக்காந்து தின்னுடா ரசமட்டம், செவுரு எங்கயும் ஓடிடாது" என்பான்.

அண்ணன் கேபிள் லைன்மேன். மூன்று மாதம் முன்னால் வீட்டில் கண்ணாடி டம்ளர் கழுவும்போது அது கைக்குள்ளேயே உடைந்து, வலது கட்டைவிரல் நரம்பு அறுந்துபோனது. ஆபரேஷன், கட்டு, பயிற்சி எல்லாம் ஆயிற்று. வியாழக்கிழமை காலை டிப்போவில் பயிற்சிக் கம்பம் ஏறி, கேபிளை வெட்டி, தோலை உரித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பழைய வேலை. "முடிஞ்சா வா, முடியலன்னா என்கிட்ட வேற வேலை கிடையாது" என்று சூப்பர்வைசர் போனிலேயே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணி அவன் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அவன் கத்தி கிடந்தது. மேலேயிருந்து பார்த்தேன். இடது பக்கம் ஒரு பேப்பர்கூட நுழையாது. வலது பக்கம் விசிட்டிங் கார்டு இரண்டு போகும்.

"அண்ணே, இந்தக் கத்திய ஒரு தரம் பாக்கவா?"

"தொடாத."

"சாஞ்சு கெடக்குதுண்ணே. ஒருபக்கமா ஒட்டிக்கிட்டு."

"சாஞ்சா உனக்கென்ன, உன் தலை மேலயா விழுது?"

"விடுங்க, பாவம், அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றாள் அண்ணி.

"தூங்கலன்னா முழிச்சிருக்கட்டும். அதைத் தொட்ட, கைய ஒடச்சிருவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கட்டைவிரலை எங்கள் முன்னால் இரண்டு தரம் மடக்கி நீட்டினான். "பாரு, புதுசாட்டம்." மடங்கியது, நீண்டது. நாங்கள் வேறென்ன பார்க்க வேண்டும்?

அவன் முடிவெட்டக் கிளம்பினான். அண்ணி குழந்தையைக் கூட்டிவர டியூஷனுக்குப் போனாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

முதலில் அச்சு ஸ்குரூவைக் கால் திருகு இறுக்கினேன். அசையவில்லை. கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. உள்ளே பூட்டுத் தகடு என்று ஒன்று உண்டு, திறந்த பிளேடு மடங்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஸ்பிரிங் மாதிரி பிளேடை ஒரு பக்கமிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். அதில் கடுகளவு ஒரு குண்டு. மூடியிருக்கும்போது அந்தக் குண்டு பிளேடில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் கத்தி பாக்கெட்டில் தானாகத் திறப்பதில்லை. திறக்க வேண்டுமென்றால் கட்டைவிரலால் நெம்ப வேண்டும். அண்ணன் கத்தியில் இந்தத் தகடு செத்துப்போய்க் கிடந்தது. அழுத்தமே இல்லை. அழுத்தம் இல்லாததால் பிளேடு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. தகட்டில் குறடு பிடித்த தழும்புகூட இருந்தது. எவனோ அரைகுறை கையை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுத் திட்டவும் செய்தேன்.

தகட்டைத் துணியில் சுற்றி மெல்ல உள்பக்கம் வளைத்தேன். பூட்டினேன். போதவில்லை. மறுபடி கழற்றி, இன்னும் ஒரு இழை. மூன்றாவது தரம் பிளேடு நடுவில் வந்து நின்றது. இந்தப் பக்கமும் ஒரு கார்டு, அந்தப் பக்கமும் ஒரு கார்டு. கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று பாய்ந்தது. பத்துத் தரம் திறந்து திறந்து மூடினேன். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன், பதினேழு பேர் கைதட்டினார்கள். கத்தியை அவன் யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துவிட்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாளைக்குத் திறக்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

காலையில் நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். மத்தியானம் பழைய செட்டோடு சாப்பிட்டுவிட்டு வருவேன், அண்ணியிடம் சொல்லிவிடு என்றான்.

டிப்போ பின்புறம் சிமெண்டுத் தரை, நடுவில் கம்பம். சூப்பர்வைசர் ஒரு அட்டையும் பேனாவுமாக நின்றார். நல்ல மனிதர்தான். "அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா ஏறு" என்றார். அண்ணன் ஏறிய வேகத்தைப் பார்த்தால் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேலே போய் பெல்ட்டைக் கம்பத்தில் மாட்டினான். இடது கையால் கேபிளைத் தூக்கிப் பிடித்தான். அந்தக் கையை எடுத்தால் கேபிள் நழுவிக் கீழே விழும். கத்திக்கு வலது கை மட்டும்தான்.

நான் அந்த டக் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை. கட்டைவிரலை வைத்து நெம்பினான். விரல் பிளேடின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வைத்தான். கத்தியைத் தொடையில் ஊன்றி நெம்பினான். திறக்கவில்லை.

"என்னப்பா?" என்றார் சூப்பர்வைசர்.

"கத்தி டைட்டா இருக்கு சார்."

"சரி, எறங்கி சரிபண்ணிட்டு ஏறு. ஒண்ணும் அவசரமில்ல."

இறங்கினான். கத்தியை மேலேயிருந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே. "சார், அவன் மேல தப்பில்ல, நான்தான் சார்" என்று ஓடினேன். "நேத்து நான்தான் டைட் பண்ணேன். அண்ணன் லூசா வெச்சிருந்தான்."

"லூசாவா? எதுக்கு?"

"உள்ள ஒரு தகடு இருக்கு சார். அதைக் குறடால வெளிப்பக்கம் வளைச்சுட்டா அழுத்தம் போயிடும். அப்புறம் கட்டைவிரல்ல பலமே வேணாம், சும்மா தொட்டாலே..."

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. சூப்பர்வைசருக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் பாக்கெட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். சாதாரணக் கத்தி. அண்ணனிடம் நீட்டினார்.

"இதைத் திற."

"சார், இவன் ஏதோ உளர்றான்."

"உளறட்டும். நீ திற."

அண்ணன் வாங்கினான். நெம்பினான். நகம் வெளுத்தது. கத்தி மூடியே இருந்தது. இரண்டாம் தரம் முயன்றபோது சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்தார்.

"சார், ரெண்டு நிமிஷம் குடுங்க, அண்ணன் கத்தியப் பழையபடி வளைச்சிடறேன்" என்றேன்.

"வேணாம்" என்றார். "அப்படி வளைச்ச கத்தியில பூட்டு பிடிக்குமா பிடிக்காதா? உனக்குத்தான் எல்லாம் தெரியுதே, சொல்லு."

பிடிக்காது. தகட்டில் அழுத்தம் இல்லையென்றால் வெட்டும்போது பிளேடு மடங்கி விரல்மேலேயே இறங்கும். நேற்றே எனக்குத் தெரியும். எவனோ அரைகுறை என்று திட்டும்போதே தெரியும்.

"இன்னும் ரெண்டு மாசம் டைம் குடுங்க சார்" என்றான் அண்ணன். "டாக்டர் பலம் வரும்னாரு."

"எப்போ வரும்னாரு?"

அண்ணன் அவர் கத்தியை அவரிடமே திருப்பி நீட்டினான்.

"எனக்கும் மேல ஆள் இருக்குப்பா. இந்த அட்டைய இன்னிக்கே அனுப்பணும். என்னன்னு எழுதட்டும், நீயே சொல்லு."

அவர் பேனாவைத் திறந்து, நின்றபடியே ஏதோ எழுதினார். இரண்டு வரிக்கு மேல் இருக்காது. அண்ணன் தோளில் ஒரு தரம் கைவைத்துவிட்டு உள்ளே போனார்.

"அண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"என்னன்னு?"

"விரலப் பத்தி."

"உன்கிட்ட சொன்னா உங்கண்ணிகிட்ட சொல்வ. அவ ராத்திரியெல்லாம் உக்காந்து அழுவா." பெல்ட்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "நீ தொடாம இருந்தா இன்னிக்கு ஏறியிருப்பேன்டா. நாளைக்கு விரல் போகுதோ இல்லயோ, இன்னிக்கு ஏறியிருப்பேன்."

ஏறியிருப்பான் என்பதும் உண்மை. விரல் போயிருக்கும் என்பதும் உண்மை.

ஏறும்போது போட்டுக்கொண்ட கம்பெனி ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாடைக்குக் கீழே இருக்கும் கிளிப்பை அண்ணன் வலது கையால் அழுத்தினான். அது கட்டைவிரலால் அழுத்தும் கிளிப். கழலவில்லை. இடது கையை மாற்றி வைத்தான், அந்தக் கோணத்தில் எட்டவில்லை. நான் கையை நீட்டினேன்.

"இரு" என்றான்.

கையை இழுத்துக்கொண்டேன். அவன் மறுபடி அழுத்தினான். ஜன்னலுக்குப் பின்னால் சூப்பர்வைசர் அட்டையை ஒரு கவரில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பைக் சாவியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.