சீனிக்குப் போட்ட மெத்தை

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எபநேசர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாடிப்படிக்குக் கீழே அவர் மனைவி ரூபி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சத்தம் காட்டாமல் செருப்பைக் கழற்றினார். கிட்டே போனபிறகுதான் தெரிந்தது. அவள் கை முயலின் வயிற்றில் இருந்தது.

"காலையிலருந்து ஒரு புல்லத் தொடல," என்றாள் திரும்பாமல். "புழுக்கையும் போடல. பேரச் சொன்னா ஓடி வர்ற கழுத, இப்பக் கண்ணத் தெறக்க மாட்டேங்கு."

சீனி வெள்ளை முயல். ஒன்றரைக் கிலோ இருக்கும். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு ரூபிக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை அது ஒன்றுதான். எபநேசர் தீப்பெட்டி ஆலையில் போர்மேன். காலை ஏழு மணிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். சனிக்கிழமை மட்டும் அரை நாள்.

மூன்று வாரம் முன்புவரை சீனி மொட்டை மாடியில் கம்பிக்கூண்டில் கிடந்தது. அந்தக் கூண்டும் எபநேசர் ஏற்பாடுதான். கோவில்பட்டிச் சித்திரை வெயில் மேலேயிருந்து பாதி சுடும், தரையிலிருந்து மீதி சுடும். ஒரு நாள் ரூபி துணி காயப்போடப் போனபோது சீனி வாயைப் பிளந்துகொண்டு சரிந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தால் கம்பி அறுத்து நாலு பாதத்திலும் புண். ரூபி ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் அவருக்குச் சோற்றுத் தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேச மட்டும் செய்யவில்லை. அவள் கத்தியிருந்தால் எபநேசர் தாங்கியிருப்பார்.

மூன்றாம் நாள் செல்போனில் முயல் வளர்க்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். மாடிப்படிக்குக் கீழே வெயிலே எட்டாத இடத்தைக் காலி செய்தார். ஓடியாட இடம் விட்டு முழங்கால் உயரத்துக்குத் தட்டி கட்டினார். பயந்தால் ஒளிந்துகொள்ள, இரண்டு பக்கம் வாசல் வைத்த மரப்பெட்டி. தண்ணீருக்குக் கவிழாத மண்சட்டி. மூலையில் மூத்திரம் பெய்ய ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதன் தலைமாட்டிலேயே புல் வைத்தால் தானாகப் பழகிக்கொள்ளும் என்று வீடியோவில் சொன்னார்கள், சொன்னபடியே பழகியது. கடித்துவிடாமல் இருக்கக் கரண்டு வயரையெல்லாம் குழாய்க்குள் நுழைத்தார். ரூபி பேச ஆரம்பித்தாள்.

மிச்சம் இருந்தது தரை. டைல்ஸில் கால் வழுக்கியது, புண்ணும் ஆறவில்லை. மெத்தென்று ஏதாவது பரப்பவேண்டும். ஆலையில் குச்சிக்கு மரம் உரிக்கும்போது விழும் சீவல் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மருந்து படாத வெறும் மரம். முதலாளியிடம் கேட்டார். அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

தப்பு சீவலில் இல்லை. சாக்கில் இருந்தது.

ஆலையில் வாயோரம் சிவப்புப் பெயிண்ட் அடித்த சாக்குகள் தனி. தீக்குச்சி முனையில் ஏற்றும் தலைமருந்தின் கழிவை அள்ளிக்கொண்டு போய் நனைத்து அழிப்பதற்கு அவை. அவற்றில் வேறு எதையும் போடக்கூடாது, வாசலைத் தாண்டக்கூடாது. திங்கள்கிழமை தவறாமல் இதைச் சொல்லி ஆட்களின் காதைப் புண்ணாக்குகிறவரே எபநேசர்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல சாக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. சிவப்பு வாய்ச் சாக்கு ஒன்று காலியாகக் கிடந்தது. எடுத்தார். இரண்டு உதறு உதறினார். உதறியாச்சே, என்ன ஆகப்போகிறது என்று சீவலை அமுக்கி வண்டியில் வைத்துக் கட்டிவிட்டார். அன்றைக்குப் பாதியைப் பரப்பினார். அடியில் கிடந்த மிச்சத்தை வெள்ளிக்கிழமை ராத்திரி தட்டினார்.

"கொஞ்சம் தள்ளு, நான் தூக்குதேன்," என்று எபநேசர் குனிந்தார். சீவலுக்குள் கைவிட்டபோது விரலில் கெட்டியாக ஒன்று இடித்தது.

வெளியே எடுத்தார். உள்ளங்கை அகலத்தில் கருஞ்சிவப்பாக ஒரு காய்ந்த பாளம். சாக்கின் அடியில் ஒட்டிக் காய்ந்துபோன தலைமருந்து. அதில் இருக்கும் உப்பு நாக்குக்கு நம் சமையல் உப்பு மாதிரியே கரிக்கும். பாளத்தின் ஒரு ஓரம் முழுக்க, பொடிப் பொடியாய், வரிசையாய்ப் பல் பட்டிருந்தது.

எபநேசர் கையை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டுச் சுடலைச்செல்வி வாசலில் வந்து நின்றாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடும் பெண். சாயங்காலமானால் சீனியைப் பார்க்காமல் அவளுக்குப் பொழுது போகாது.

"யக்கா, முயலுக்குட்டி என்ன பண்ணுது?"

"ஏட்டி செல்வி, நேத்து அதுக்கு நீ என்னத்தக் குடுத்த?"

"நேத்தா... ஒண்ணும் இல்லக்கா."

"எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

செல்வி தரையைப் பார்த்தாள். "ஒரே ஒரு துணுக்குக் கடலமுட்டாய்க்கா. எங் கைய நக்கிச்சு. பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சா? இனிப்பே ஆகாதுன்னு ஒனக்கு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கேன். கடல வேற. வயித்த ஊத வச்சுக் கொன்னுட்டியேட்டி." ரூபியின் குரல் தெருமுனைவரைக்கும் போனது. குழாயடியில் குடம் வைத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

செல்வியின் முகம் செத்துப்போயிற்று. அவள் எபநேசரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கடலமுட்டாய் தின்னாச் செத்துருமா?"

பாளம் அவர் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

"எனக்கென்னம்மா தெரியும்," என்றார் எபநேசர்.

கையைச் சட்டைப் பைக்குள் விட்டுவிட்டு வண்டிச் சாவியைத் தேடப் போனார்.

பசுவந்தனை சாலையில் டாக்டர் சபிதா சிறியதாய் ஒரு கிளினிக் வைத்திருந்தாள். கரிசக்காட்டு ஆடுமாடுகள்தான் அவளுக்குப் பெரும்பாலும் கேஸ். முயல் என்றதும் மேசையில் துண்டை விரித்தாள்.

"வீட்டுக்குள்ள வச்சு வளக்குதீங்களா? நல்லா வச்சிருக்கீங்களே, பாதப் புண்ணெல்லாம் ஆறி வருது," என்றாள் வயிற்றை அமுக்கியபடி. எபநேசர் சுவரைப் பார்த்தார். டாக்டர் சீனியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. ஒரு துளி ரத்தம் எடுத்து வெள்ளைப் பஞ்சில் விட்டாள். சுக்குக் காப்பி நிறத்தில் இருந்தது.

"என்னம்மா தின்னுச்சு?"

"கடலமுட்டாய், டாக்டர். எதிர்வீட்டுப் பிள்ள குடுத்துட்டா."

"கடலமுட்டாய்க்கு வயிறு உப்பும். ரத்தம் இப்படி ஆகாது. இது விஷம். வேற ஏதோ உள்ள போயிருக்கு."

ரூபி மிரண்டு போனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவ வீட்டுல எலி மருந்து வச்சிருந்தா. போன மாசந்தான்."

எபநேசர் இடையில் புகுந்தார். "டாக்டர், ஏதோ கெமிக்கல்னே வச்சிக்கிடுவோம். பொதுவா ஒரு ஊசி போட முடியாதா?"

"பொதுவான விஷம்னு ஒண்ணு கெடையாது சார். என்னன்னு தெரியாம நான் குத்துற ஊசியே கொன்னுரும். இன்னும் அரை மணி நேரம் இப்படியே போனா மூச்சு நின்னுரும். யோசிங்க, வீட்டுல என்ன இருக்கு?"

எபநேசர் வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் நின்றார். போர்டில் டாக்டரின் போன் நம்பர் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. கடைக்காரர் போனை வாங்கி, பேர் சொல்லாமல், தலைமருந்து என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டால்? முயலும் பிழைக்கும், போர்மேனும் பிழைப்பான். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம்.

ரோட்டைத் தாண்டக் காலெடுத்து வைத்தார். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வழியாக ரூபியின் குரல் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டருக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, நான் கோவப்பட மாட்டேன். உண்மையச் சொல்லு. எலி மருந்து தொட்ட கையோட குடுத்தியா?"

"இல்லக்கா." அழுது அழுது அடைத்த குரல். "கை கழுவுனேன்னுதான் நெனைக்கேன். தெரியலக்கா. கழுவாம இருந்துட்டேனோ என்னமோ."

செய்யாத குற்றத்தை அவள் பாதி ஒப்புக்கொண்டுவிட்டாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் முழுதாக ஒப்புக்கொள்வாள்.

எபநேசர் உள்ளே போனார். பைக்குள் இருந்ததை எடுத்து மேசைமேல், சீனியின் தலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரூபி, போன வையி. அவ இல்ல. நான்."

டாக்டர் பாளத்தைத் திருப்பிப் பல் பட்ட ஓரத்தைப் பார்த்தாள். "தீப்பெட்டி மருந்தா? குளோரேட்டு?"

"ஆமா. சீவல் கொண்டாந்த சாக்குல இருந்துருக்கு. அது மருந்துச் சாக்கு. தெரிஞ்சுதான் எடுத்தேன். உதறிட்டா போதும்னு நெனச்சேன்."

டாக்டர் அலமாரியைத் திறந்தாள். தீவனத்தில் நஞ்சு ஏறிய மாடுகளுக்கென்று வைத்திருந்த நீல மருந்தை எடுத்து, முயலின் எடைக்குக் கணக்குப் போட்டு, காது நரம்பில் மெதுவாக ஏற்றினாள். மூன்று பேரும் முயலின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம். பத்து. கால்மணி கழித்து ஈறுகளில் பழுப்பு கலைந்து, அடியில் கொஞ்சம் ரோஸ் நிறம் தெரிந்தது. சீனியின் மூக்கு ஒரு தடவை துடித்தது.

"பொழச்சிரும்னு நெனைக்கேன். ராத்திரி இங்கன கெடக்கட்டும்," என்றாள் டாக்டர். "கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தீங்கன்னா அது இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்."

ரூபி முயலின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "இத எப்ப எடுத்தீங்க?"

"வீட்டுல. தூக்கும்போது."

"செல்வி உங்களக் கேட்டாளே, செத்துருமான்னு. அப்பக் கையிலயா இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் ஒரு கணம் தயாரானது. "ஆமா," என்றார்.

ரூபி துண்டின் ஓரத்தை இழுத்துச் சீனியின்மேல் போர்த்தினாள். "நான் இங்கன இருக்கேன். நீங்க போங்க. போன்ல சொல்லாதீங்க. நேர்ல போயிச் சொல்லுங்க. நானும் அவகிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியது இருக்கு, அத நான் வந்து கேட்டுக்கிடுதேன்."

வழியெல்லாம் என்ன சொல்வது என்று அடுக்கி அடுக்கிப் பார்த்தார். தெருவுக்குள் வண்டி திரும்பியதும் எல்லாம் கலைந்துபோயிற்று. செல்வி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, சோப்பு. விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"பொழச்சிருச்சா, அண்ணாச்சி?"

"பொழச்சிரும்னு டாக்டர் சொல்லுதாவ. செல்வி, ஒன் முட்டாய் இல்லம்மா. நான் ஆலையிலருந்து கொண்டாந்த சாக்குல மருந்து இருந்துருக்கு. அதத் தின்னுருக்கு. நீ எங்கிட்ட கேக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. தப்பும்மா."

செல்வி எழுந்து நின்றாள். அழவில்லை. முதலில் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள்.

"எத்தன தடவ கழுவுனேன்னு எனக்கே தெரியாது. திங்கக்கெழம போயி முட்டாயத் தொடலாமான்னு நெனச்சு உக்காந்துருந்தேன். ஊரு சனம் வாயில வைக்கிற பண்டம்லா."

"தப்புதாம்மா."

"எனக்கு மட்டும் சொன்னா எப்படி அண்ணாச்சி? அக்கா கத்துனத இந்தத் தெருவே கேட்டுச்சு. 'ஏட்டி, வெசம் வச்சுட்டியாமே'ன்னு மாரிச்செல்வி இப்பத்தான் வந்து கேட்டுட்டுப் போறா."

எபநேசர் திரும்பிப் பார்த்தார். குழாயடியில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். குடம் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியாமல் மாரிச்செல்வி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால் சைக்கிள் கடைத் திண்டில் ஆலையில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பாண்டியராஜன். திங்கள்கிழமை பொழுது விடிவதற்குள் விஷயம் முதலாளிவரைக்கும் போய்ச் சேரும்.

செல்வி காத்திருந்தாள்.

எபநேசர் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். குழாயடியைப் பார்த்து நாலு எட்டு நடந்தார்.

"மாரிச்செல்வி, அந்தக் குழாயக் கொஞ்சம் அடைம்மா," என்றார். "எல்லாரும் கேளுங்க. ஒரு விஷயம் சொல்லணும். பாண்டி, நீயும் வாடே."