டிராயரில் கிடந்த லைசென்ஸ்

சங்கத் தலைவர் அன்பழகன் மேசை டிராயரை இழுத்தார். ரப்பர் பேண்டு போட்ட கட்டிலிருந்து ரஞ்சிதாவின் புருஷனுடைய லைசென்ஸை உருவி மேசைமேல் வைத்தார். தை மாதம் அவளே கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைக்கச் சொன்னதுதான். கோர்ட்டு ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லியும் நவீன்குமார் பெற்ற பிள்ளைக்கென்று எதுவும் கொடுக்கவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போய்விடுவான். போனை எடுக்க மாட்டான். இந்த டிரைவர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி வந்து நியாயம் கேட்டால், ஆளைக் கூப்பிட்டு லைசென்ஸை வாங்கி டிராயரில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் நாமக்கல்லில் எந்த ஓனரும் அவனிடம் லாரிச் சாவியைக் கொடுக்க மாட்டார். "ஒரே வாரத்துல வழிக்கு வருவான் பாரு அம்மிணி" என்று அன்பழகன் அன்றைக்குச் சொன்னார்.

வந்தான், வழிக்கு! ஆடியே பிறந்துவிட்டது. கோழிப்பண்ணையில் குனிந்து குனிந்து முட்டை எடுத்து அவள் முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். பீஸ் கட்டவில்லை என்று மகள் இனியாவைப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். வண்டி ஓட்டாதவன் எதிலிருந்து கொடுப்பான்? இதுகூடவா தன் மரமண்டைக்கு எட்டாமல் போயிற்று என்று தன்னையே திட்டித் தீர்த்துவிட்டு, வீம்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லத்தான் இப்போது வந்திருந்தாள். கூட வந்த இனியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அன்பழகன் போன் போட்டதும் நவீன்குமார் வந்தான். வாடி வதங்கியிருப்பான் என்று நினைத்திருந்தாள். எங்கே! அம்மா கையால் தின்று கன்னம் உப்பி, ஆள் தெளிவாக இருந்தான்.

"எடுத்துக்கப்பா. அம்மிணியே சொல்லிருச்சு" என்றார் அன்பழகன்.

அவன் அதைத் தொடவே இல்லை. "வேண்டாமுங்கண்ணா. இங்கயே கெடக்கட்டும்."

"ஏனுங்க, வண்டிக்குப் போகலீங்களா?" ரஞ்சிதா லைசென்ஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"போனாச் சம்பளம் வரும். சம்பளம் வந்தா நீ கோர்ட்டுல கேப்ப. சங்கத்துல லைசென்ஸைப் புடுச்சு வெச்சுட்டாங்க, பொழப்பில்லீன்னு வக்கீல்கிட்டச் சொல்லி கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன். நீ பண்ணுனது எனக்கு நல்லதாப் போச்சு புள்ள."

கோபமில்லாமல் சொன்னான். கையை ஓங்கியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. "வாரேனுங்கண்ணா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"இதுக்கு மேல நாங்க என்ன பண்றது, சொல்லு" என்று அன்பழகன் டிராயரை மூடினார். பாவி, என் கையாலேயே என் பிள்ளை வாயில் மண்ணைப் போட்டேனே என்று நினைத்தபடி ரஞ்சிதா எழுந்தாள். இனிப் போய்க் கேட்க ஓர் இடமும் இல்லை.

வெளியே வந்தாள். இனியாவின் கையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட் இருந்தது.

"அப்பா உள்ள வாறப்பவே வாங்கிக் குடுத்தாரும்மா! இனிமே வண்டிக்கே போகமாட்டாராமா, ஊர்லயேதான் இருப்பாராமா!"

முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிட்டு, தீர்ந்துபோன பாக்கெட்டைப் பிள்ளை விடாமல் சர் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்தது.