இடுப்பில்லாத குளவி

வெள்ளிமலையிலிருந்து பஸ் கிளம்ப எட்டு நிமிடம் இருந்தது. கண்டக்டர் அறிவுச்செல்வன் சாலையோரப் புதரில் குனிந்து நின்றான். இலைமேல் நீலம் பாய்ந்த கறுப்புப் பூச்சி ஒன்று. பார்த்தால் குளவிதான், ஆனால் இடுப்பு ஒடுங்கவில்லை.

ரம்ப ஈயாக இருக்குமோ? பெண் பூச்சி வாலடியில் உள்ள ரம்பத்தால் இலையைக் கீறி முட்டை வைக்கும், கொட்டாது. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ராதிகா மேடம் சொல்லியிருந்தார். அவன் எடுக்கும் பூச்சிப் படமெல்லாம் அவருக்குத்தான் போகும். உணர்கொம்பில் மூன்றே கணு இருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் பூச்சி ஒரு நொடி நிற்கவில்லை. எடுத்த படமெல்லாம் கலங்கலாகவே வந்தது.

"யோவ் அறிவு, இன்னா பண்ணிக்கினு கீற? டைம் ஆச்சு!" டிரைவர் கந்தசாமி ஹாரனை அழுத்தினார்.

"வந்துட்டேண்ணே!"

பூச்சியை மாத்திரை டப்பாவில் அடைத்துக்கொண்டு ஏறினான். டிக்கெட் கிழித்துக்கொண்டே இரண்டு சீட்டுக்கு ஒருமுறை டப்பாவை எடுத்துப் பார்த்தான். கொன்றுவிட்டால் கணுக்களை நிதானமாக எண்ணலாம். அதற்கு மனம் வரவில்லை.

கொண்டை ஊசி வளைவில் பஸ் குலுங்க, மூடி கழன்றது. பூச்சி பறந்துபோய், பாப்பாத்தி என்ற கூலிக்காரப் பெண்ணின் மடியிலிருந்த குழந்தையின் தோளில் உட்கார்ந்தது.

"ஐயோ, கொளவி!"

பக்கத்து சீட்டுக்காரர் துண்டை ஓங்கினார்.

"அடிக்காதீங்க! அது கொட்டாதுங்க."

"கொட்டாதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் பாப்பாத்தி.

தெரியாது. அவன் இன்னும் எண்ணவில்லையே. வெறுங்கையால் பூச்சியை வாரிப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். கொட்டவில்லை. உள்ளங்கையில் கால்கள் மட்டும் பிறாண்டின.

எதிரே லாரி. கந்தசாமி பிரேக்கை மிதித்தார். விழாமலிருக்க அறிவுச்செல்வன் அதே கையால் கம்பியை இறுகப் பிடித்தான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நசுங்கிய பூச்சியை வெள்ளைத்தாளில் வைத்து, செல்போனில் லென்ஸ் மாட்டிப் பார்த்தான். தலை மட்டும் சிதையாமல் இருந்தது. ஒன்று, இரண்டு, நீளமாக மூன்றாவது. படமெடுத்து மேடத்துக்கு அனுப்பினான்.

உடனே பதில் வந்தது: "ரம்ப ஈயேதான்! எப்படி இவ்வளவு தெளிவா எடுத்தீங்க?"

"நசுங்கிடுச்சு மேடம்" என்று தட்டினான்; அழித்தான்; மறுபடி தட்டினான்.

"தியாகதுருகம் போவுமா?" படிக்கட்டில் ஒருவர் கேட்டார்.

"போவும், ஏறுங்க" என்றான், செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல். அந்த பஸ் அங்கே போகாது. அவர் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்து, அவரை இறக்கிவிட ஓடினான்.