சுத்தியல் போட்ட ரயில்

பகேரியா நிலையத்துக்கு விடிகாலை ரயில் அன்றும் வரவில்லை. ஜூனில் ஒரு வியாழன், ஓகஸ்டில் ஒரு திங்கள், நவம்பரில் ஒரு செவ்வாய், இப்போது டிசம்பரில் மறுபடி வியாழன். வேலைநிறுத்தம் என்றால் முதல் நாளே ஊரெல்லாம் கதை அடிபடும். நாகபூசணி வீட்டுச் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்து நாட்காட்டியையும் புரட்டிப் பார்த்தாயிற்று. அந்த நாள்கள் எதுவும் சிவப்பில் இல்லை, பௌர்ணமி விடுமுறையான போயாவும் இல்லை.

பலேர்மோவில் தனியே வசிக்கும் ஒரு கிழவிக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஏற்றுவது அவள் வேலை. தெரு வெறிச்சோடிக் கிடக்கிற நாளில் ரயில் வரவில்லை என்றால் யார் நம்புவது, இன்னொரு முறை பிந்தினால் வேறு ஆள் பார்ப்பேன் என்று கிழவியின் மகள் சொல்லியிருந்தாள். வேலை போனால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வழியில்லை. அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்க முடியாது.

மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ரயிலுக்கு, பூசைச் சேலையோடு, பக்கத்து வீட்டுச் செலஸ்ரீனா வந்தாள்.

"என்னக்கா, மாதாட திருநாளிலையும் வேலையோ?"

திருநாளா என்று இவள் கேட்டாள்.

"ஓம். நாடு முழுக்க லீவு. சூரன் போர் எண்டைக்கு எண்டு எனக்குத் தெரியுமே? அப்பிடித்தான் இதுவும்."

நாகபூசணி மஞ்சள் நேர அட்டவணைக்கு முன்னால் போய் நின்றாள். விடிகாலை ரயிலுக்குப் பக்கத்தில், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள். தண்டவாளத்தில் ஏதோ திருத்த வேலை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அதற்குப் பிறகு வரும் ரயில் ஒன்றுக்குப் பக்கத்தில் சிலுவை. அடியில் பொடி எழுத்தில் விளக்கம் இருந்தது: சுத்தியல் என்றால் வேலை நாளில் மட்டும் ஓடும், சிலுவை என்றால் ஞாயிறிலும் அரசு விடுமுறையிலும் ஓடும். கந்தோரும் பள்ளிக்கூடமும் பூட்டிய நாளில் விடிகாலையில் யார் ஏறப்போகிறார்கள் என்பது ரயில்காரரின் கணக்கு. விடுமுறையிலும் கிழவிகளுக்குச் சீனி ஏறும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஞாயிறு அவளுக்கு ஓய்வு நாளாக இருந்ததால் இது கண்ணில் படவேயில்லை.

கிழவியின் மகளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். சரி, ஆனால் இதுதான் கடைசி என்றது மறுமுனை. இவளுடைய மகள் லக்ஷனாவுக்கும் பள்ளி லீவு அதே நாள்களில்தான்; அது பள்ளிக்கு மட்டுமான லீவு என்றே இவள் நினைத்திருந்தாள். அந்த நாள்களில் மகளோடு வீட்டில் இருக்க முடியாது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்றிலிருந்து, அரசு விடுமுறைக்கு முதல் நாள் கடைசி ரயிலில் பலேர்மோவுக்குப் போய், கிழவியின் வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பி, நேரத்துக்கு ஊசியை ஏற்றினாள்.