அங்குலத்துக்கு ஒரு சாண்

டெய்லரின் மனைவி இடது கையில் கட்டுடன் சிகிச்சை அறைக்குள் வந்தாள். பின்னால் வலது காலை இழுத்தபடி டெய்லர். வழக்கமாக அவர்தான் முதலில் நுழைந்து, "இன்னைக்கு எத்தனை கப்பும்மா?" என்று பிசியோதெரபிஸ்டை வம்புக்கு இழுப்பார். இன்று அவர் தலை நிமிரவில்லை.

"நீயே கேளும்மா," என்றாள் மனைவி. "கொதிக்கிற கெட்டில். நானே எடுக்கறேன்னு வீராப்பா வலது கையால தூக்கினாரு. பாதியிலயே கை தொங்கிருச்சு. அவ்வளவும் என் மேல. இங்க மட்டும் நூத்துக்கு நூறு, வீட்டுல முட்டை!"

"கவனம் இல்லாம இருந்துட்டேன்மா," என்றார் டெய்லர். "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க."

பளாரென்று ஓர் அறை விழுந்திருந்தால்கூட பிசியோதெரபிஸ்டுக்கு இதைவிடத் தேவலை. விஆர் கண்ணாடியை மாட்டினால் அவர் கண்ணெதிரே ஒரு சமையலறை விரியும். மேசையிலிருக்கும் கப்புகளை எடுத்து அலமாரியில் அடுக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர் மனம் விட்டுவிடக் கூடாதென்று, கை ஓர் அங்குலம் உயர்ந்தால் ஒரு சாண் உயர்ந்ததாகக் காட்டும்படி ஆரம்பத்தில் மெஷினை வைப்பார்கள். வாரா வாரம் அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அவள் ஒரே ஒருமுறை குறைத்தாள். கப் எட்டாமல் அவர் முகம் சுண்டிப்போனதும் சத்தமில்லாமல் பழையபடி ஏற்றிவிட்டாள். அடுத்த வாரமே பெரிய டாக்டர் அவருடைய மதிப்பெண்ணை நாலு பேரிடம் காட்டி அவளைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சி இனித்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றே ஏழு வாரம் ஓடிவிட்டது.

இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பழியைத்தான் அவரே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாரே! ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே கூனிக் குறுகிப் போனாள்.

"தப்பு உங்க மேல இல்லீங்க," என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

டெய்லர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்தார்.

"அப்போ, மேல்தட்டுல நான் வெச்ச கப்பெல்லாம்?"

"மெஷின் வெச்சதுங்க."

அவர் கத்தியிருக்கலாம். மனைவியாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இரண்டும் நடக்காததுதான் பிசியோதெரபிஸ்டைக் கொன்றது.

"இருக்கறது இருக்கறபடி வெச்சுக் குடும்மா," என்றார் டெய்லர்.

வைத்துக் கொடுத்தாள். கண்ணாடிக்குள் அவர் பார்ப்பது சுவரிலிருந்த திரையிலும் தெரிந்தது. கை நடுங்கி நடுங்கி நாலு விரற்கடை எழும்பி, கீழ்த்தட்டுக்கும் எட்டாமல் அப்படியே நின்றது. கண்ணாடிப் பட்டைக்கு அடியிலிருந்து வியர்வை கழுத்துக்கு இறங்கியது. மனைவி எழுந்து வந்து, கட்டுப் போடாத கையால் அவர் முழங்கையை அடியில் தாங்கினாள்.

யாரும் தாங்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது பிசியோதெரபிஸ்டின் வேலை. அவளுக்கு வாய் எழவில்லை. திரையில் கப் மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.