புது டிரம்மர்

கோபால்சாமிக்குப் பதிலாக வந்தவன் டிரம்ஸுக்கு முன்னால் முதுகை விறைத்து உட்கார்ந்த விதமே அம்சவல்லிக்குப் பிடிக்கவில்லை. பெயர் தங்கவேல் என்றான். கோபால்சாமி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். இவனை அனுப்பியதும் அவன்தானாம். போளூரில் கோபால்சாமியின் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். சொல்லும்போது கதவை முழுதாகத் திறக்கவில்லை.

சந்தவாசலில் ஒரு புளி மண்டியின் பின்கட்டில் அவர்கள் நால்வரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது எழுபத்தேழில். அண்ணன் தீர்த்தகிரி கிட்டார். பாட்டுகளை எழுதுவதும் அவன்தான். ராஜவேலு பேஸ் கிட்டார். கோபால்சாமி டிரம்ஸ். அம்சவல்லி பாடுவாள். சினிமாப் பாட்டுக் கேட்பார்கள் என்று கல்யாணங்களுக்குப் போகமாட்டார்கள். ஜவ்வாது மலையில் சாமை விதைத்த நிலத்துக்கு யாரோ வேலி போட்டதையும், கேட்கப்போனவர்கள் வீடு திரும்பாததையும் ஆம்ப்ளிஃபயர் அலறப் பாடினார்கள். மூன்று வருடத்தில் காலம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் அடிவாரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றாலே ஜனங்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

தங்கவேலுக்கு ஒரு அடிகூடத் தப்பாது. ஆனால் அவன் கை பட்டால் எந்தப் பாட்டும் அணிவகுப்பு மாதிரி நடக்க ஆரம்பித்துவிடும். டீ குடிக்கும்போது, "இந்தப் பாட்ட எந்தூர்ல உக்காந்து எழுதனாரு உங்கண்ணன்? கூட யாரார் இருந்தாங்க?" என்று சிரித்தபடி கேட்பான்.

அடுத்த மாதம் ராஜவேலுவைக் காணவில்லை. தேடிப்போவதற்குள் தங்கவேலே ஒரு ஆளைக் கூட்டிவந்தான். சுப்பிரமணி என்று பெயர். அவன் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டியபோது துப்பாக்கி வாரை இழுத்துவிடுவதுபோல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

செங்கம் சந்தைத் திடலில் கச்சேரி. பொழுது சாயும் நேரம். மேடைக்குப் பின்னால் அண்ணனைத் தனியே இழுத்தாள்.

"நம்மாளு ஒவ்வொருத்தனா போறான். அவங்காளு ஒவ்வொருத்தனா வர்றான். இன்னும் இன்னா பாக்கற? மலைக்குப் போய்டுண்ணா."

"நீ?"

"நான் பாட்றேன். இத்தன ஜனத்துக்கு நடுவுல அவனுங்க பாதியில எறங்க முடியாது."

தீர்த்தகிரி கிட்டாரைக் கழற்றிக் கம்பத்தில் சாய்த்துவிட்டு மாட்டுவண்டிகளுக்கு நடுவே நடந்தான்.

"எங்கம்மா உங்கண்ணன்?" என்றான் தங்கவேல்.

"கம்பி அறுந்துபோச்சுங்க. வாங்கப் போயிருக்காரு. நீங்க ஆரம்பிங்க."

வேலிப் பாட்டைப் பாடினாள். கடைசி அடியில் தங்கவேல் குச்சியை ஓங்கி அடித்து முடித்தான். அம்சவல்லி நிறுத்தாமல் மறுபடி முதல் அடியை எடுத்தாள். கூட்டம் விசிலடித்தது. வேறு வழியின்றி அவன் வாசித்தான். சுப்பிரமணி அவன் முகத்தைப் பார்த்தான். மூன்றாவது முறை பாடும்போது அவள் தொண்டை கிழிந்தது. அண்ணன் இந்நேரம் மலையடி ஓடையைத் தாண்டியிருப்பானா?

தங்கவேல் அடிப்பதை நிறுத்தாமலே கூட்டத்தின் ஓரம் பார்த்துத் தலையசைத்தான். அங்கே கைகட்டி நின்றிருந்த இரண்டு பேர் மலைப்பக்கம் திரும்பி வேகமாக நடக்கத் தொடங்கினார்கள்.

அம்சவல்லி மைக்கை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டு, அண்ணன் பெயரை ராகம் போட்டு இழுத்தாள். ஸ்பீக்கர்கள் மலைப்பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன; பாட்டு நின்று தன் பெயர் கேட்டால் அண்ணனுக்குப் புரிந்துவிடும். நடந்தவர்களில் ஒருவன் நின்று மேடையைத் திரும்பிப் பார்த்தான். மற்றவன் ஓட ஆரம்பித்தான்.